சுவருக்கு அந்தப் பக்கம்

பிரசவ வார்டில் அவளைப் பஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவளுக்கே அது நினைவுக்கு வரும். மேலங்கியின் வலது பையில் எப்போதும் ஒரு பஞ்சு உருண்டை வைத்திருந்ததால் வந்த பட்டம் இது. காலையில் வந்ததும், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து, குழந்தைகளை எடை போடும் தராசுக்குப் பக்கத்து அலமாரியில், இரண்டாம் தட்டில், இடது ஓரமாக வைப்பாள். அதற்குப் பிறகுதான் தரையைத் துடைப்பது, தட்டுகளைக் கழுவுவது, ரத்தத் துணிகளை ஊறப்போடுவது எல்லாம்.

புதிதாக வருகிற நர்ஸ் யாராவது, இது குடிக்கிற தண்ணியா அக்கா என்று கேட்பாள்.

"குடிக்கிற தண்ணிதான். ஆனா உனக்கில்ல," என்பாள் பஞ்சக்கா.

அது பிழைக்காத குழந்தைகளுக்கு. அவளுடைய திருச்சபையில் ஞானஸ்நானம் கொடுப்பது சாமியாரின் வேலை. ஆனால் சாமியார் வந்து சேரும்வரை உயிர் தங்காது என்ற நிலை வந்தால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வார்டு ஆயா கொடுத்தாலும் செல்லும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டை நடத்திய கன்னியாஸ்திரீ மூன்று விஷயம் சொல்லியிருந்தார். தண்ணீராக இருக்க வேண்டும். அது தலையில் ஓட வேண்டும், ஈரம் பட்டால் மட்டும் போதாது. ஓடும்போதே, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்ற அந்த ஒரு வரி ஊற்றுகிறவளின் வாயிலிருந்து வர வேண்டும். மற்றதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். டம்ளரில் ஊற்றினால் மூக்கில் போய்விடும். மூச்சுக்கே திணறுகிற பிள்ளைக்கு அது கொடுமை. பஞ்சை நனைத்து, நெற்றியின் ஓரத்தில் வைத்து மெல்லப் பிழிந்தால் தண்ணீர் நூல் மாதிரி காதுக்குப் பின்னால் இறங்கும். எவ்வளவு நனைத்தால் வரி முடிகிறவரை நூல் அறாது என்பதை வீட்டில் தன் முழங்காலில் பிழிந்து பிழிந்து பழகியிருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தடுக்கவும் மாட்டார். தன்னால் ஆனதையெல்லாம் செய்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது பஞ்சக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். இனி உன் பாடு என்று அதற்கு அர்த்தம். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சீண்டிப் பார்த்தார்.

"பஞ்சக்கா, உங்க கடவுள் அட்மிஷன் சீட்டு இல்லாம யாரையும் சேக்க மாட்டாரா?"

"உங்க ஆஸ்பத்திரியிலயே சேக்க மாட்டேங்கிறீங்க டாக்டரம்மா. அது மோட்சம்."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவள் பெற்ற பிள்ளை ஒன்று அந்தச் சீட்டு இல்லாமல் வெளியே நின்றுகொண்டிருந்தது.

அவளுக்கு இருபத்தொரு வயதில் பிறந்த முதல் பிள்ளை அது. பெண். நாற்பது நிமிஷம் உயிரோடு இருந்தது. வேறொரு ஆஸ்பத்திரி, அங்கே பாட்டிலும் பஞ்சும் வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. நாற்பது நிமிஷமும் அவள் மார்பின் மேல்தான் கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு ஜக்கு நிறையத் தண்ணீர் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். ஊற்றலாம் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற மாமியாருக்கும் தெரியாது.

அப்போதிருந்த பங்குச்சாமியார் கெட்ட மனிதர் இல்லை. தான் படித்ததைச் சொன்னார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை மோட்சத்துக்குள் போக முடியாது. அது பாவம் செய்யாததால் நரகமும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே வலி இருக்காது, கடவுளும் இருக்க மாட்டார். கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண்ணிலும் அதை வைக்கக் கூடாது. தோட்டத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே நீளமாக ஒரு மண் துண்டு கிடந்தது. அங்கேதான் வைப்பார்கள். சிலுவை கிடையாது, கல் கிடையாது.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்தியபடி சாமியார் முன்னால் நின்றவர், "சாமி, கொட்டுற மழையில டிக்கெட் இல்லாதவனைக்கூட நான் நடுவழியில இறக்கி விட்டதில்ல," என்றார். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டரும் குழி வெட்டுகிறவரும் மட்டும் போய் வைத்துவிட்டு வந்தார்கள். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பால் கட்டிக்கொண்ட வலியோடு கிடந்தாள்.

மாமியார் அவளுக்கு நல்லதுதான் நினைத்தாள். "பேர் வெக்காதம்மா. பேர் வெச்சா கூப்பிடத் தோணும்," என்றாள். அவள் வைக்கவில்லை, கூப்பிடவில்லை. கதவைச் சாத்திய வீட்டுக்கு வெளியே நிற்கிற பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒருத்தி எத்தனை நாள் உள்ளே இருக்க முடியும்? ஜன்னலையும் சாத்திக்கொண்டாள். அழுகையை அப்படித்தான் நிறுத்தினாள்.

இரண்டு வருஷம் கழித்து இந்தப் பிரசவ வார்டில் சேர்ந்தாள். ரத்தமும் கூச்சலுமான இடம், வேறு வேலை கிடைக்கவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். வேறு வேலையை அவள் தேடவே இல்லை. தன் பிள்ளைக்கு ஆனது ஆகிவிட்டது. இனி ஒன்றுகூடத் தன் கண்முன்னால் அப்படிப் போகக் கூடாது என்று நினைத்தாள்.

பிறகு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். இரண்டு பிரசவத்திலும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாட்டிலையும் பஞ்சையும் தானே எடுத்து வைத்துக்கொண்டுதான் படுத்தாள். இவ பிள்ள பெக்க வந்திருக்காளா, டியூட்டிக்கு வந்திருக்காளா என்று நர்ஸுகள் கேலி செய்தார்கள்.

எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அவள் ரெண்டு என்பாள். கண்டக்டர் மூணு என்பார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் படிவம் எழுதுகிறவர் கேட்க, இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றைச் சொன்னார்கள். எழுதுகிறவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "முதல்ல வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்," என்றார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இல்லாத பிள்ளையை எதுக்குங்க எண்ணுறீங்க?"

"நான் எண்ணலடி. கேட்டாரு, சொன்னேன்."

இரண்டு நாள் இருவருக்கும் பேச்சு இல்லை.

விடுமுறை நாட்களில் அவர் சில சமயம் பின்சுவர்ப் பக்கம் போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். செருப்பில் ஒட்டிய சாக்கடைச் சேறு காட்டிக்கொடுத்துவிடும். "அங்க போய் யாரைப் பாக்குறீங்க? அங்க யாரும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே அந்தச் செருப்பைக் கழுவி வெயிலில் வைப்பாள். நீயும் வா என்று அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நுரையீரல் கெட்டுப் படுத்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். தன்னைக் கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், பின்சுவரை ஒட்டி வைக்கச் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, இருவருக்கும் தெரிந்ததுதான். அவர் போன அன்று அவள் முன்வரிசையைக் காட்டினாள். அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள், பாதையிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடம், அதுதான் மரியாதை என்றாள். சுவரோரம் புல் மண்டிக் கிடக்கிறது, நல்ல மனிதரை அங்கே கொண்டுபோய்த் தள்ள மனசு வரவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னாள். தன்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

வார்டில் முப்பத்து நான்கு வருஷம் ஓடியது. ஆரம்பத்தில் தன் திருச்சபைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஊற்றினாள். தாயின் கழுத்தில் சிலுவை தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் நீலம் பாரித்தன. ஒரு தாயின் கழுத்தில் சிலுவை இருந்தது, மற்றவள் கழுத்தில் இல்லை. சிலுவைக்காரியின் பிள்ளைக்குப் பிழிந்துவிட்டுத் திரும்பியவளுக்கு மற்றதைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. பஞ்சில் இன்னும் தண்ணீர் இருந்தது. அன்றோடு கழுத்தைப் பார்ப்பதை விட்டாள்.

பெற்றவர்களைக் கேட்காமல் செய்வது தப்பு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளையின் கதி என்ன? அதனால் யார் கண்ணிலும் படாமல், தலையைத் துடைத்துவிடுகிறவள் போலக் குனிந்து செய்தாள். எத்தனை பிள்ளைகளுக்குச் செய்தாள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. முகங்கள் நினைவில் நிற்கவில்லை. சில பிள்ளைகளின் காது மட்டும் நினைவிருந்தது.

ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது அந்தத் தவறு நடந்தது. புண் துடைக்கிற ஸ்பிரிட் அதுவரை பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில் வந்துகொண்டிருந்தது. அந்த வாரத்திலிருந்து வெள்ளை பிளாஸ்டிக்கில் வர ஆரம்பித்தது. அவளுடைய தண்ணீர் பாட்டிலும் அதே வெள்ளை, அதே உயரம். மதியம் இரண்டு மணி, ஷிஃப்ட் மாறும் நேரம். வீட்டுக்குக் கிளம்பும் முன் காலை நர்ஸ் நல்ல எண்ணத்தோடு அலமாரியை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள்.

பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. தாய் தையல் ஆலையில் சட்டைக்குப் பட்டன் வைக்கிறவள். பஞ்சக்காவின் பங்குக்கோயிலைச் சேர்ந்தவள்தான்; ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துச் சிரித்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். பட்டன்காரி படுத்தபடியே பஞ்சக்காவின் மேலங்கியை எட்டிப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க ஊத்திடுங்க. இது வெளிய நிக்கக் கூடாதுக்கா."

பஞ்சக்கா பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினாள். இரண்டாம் தட்டு, இடது ஓரம். நனைத்தாள், பிழிந்தாள், வரியைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி வரியில் வாசனை மூக்கில் ஏறியது. தண்ணீருக்கு வாசனை ஏது? நாக்கு பழக்கத்தில் வரியை முடித்துவிட்டது. பாட்டிலைப் பார்த்தாள். பஞ்சைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். ஆறு எட்டு தூரம். உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு திரும்பியபோது, டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஊத்திட்டீங்களாக்கா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஊத்திட்டேன்மா," என்றாள். கையில் ஏந்திய தண்ணீர் முழங்கை வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளை இறந்ததற்கு ஸ்பிரிட் காரணமே இல்லை, நுரையீரல் விரியவே இல்லை என்று டாக்டரம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பஞ்சக்காவுக்கு அதில் சந்தேகம் இல்லை. அவளை அரித்தது வேறு. தண்ணீராக இருக்க வேண்டும் என்பதுதான் மூன்றில் முதலாவது. அது தவறிவிட்டால் மற்ற இரண்டும் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு தாய் மேலங்கியைப் பிடித்துக் கேட்டும் பிள்ளையை வெளியே விட்டுவிட்டாள். போதாதற்குப் பொய்யும் சொல்லியிருக்கிறாள். ஒன்பது நாள் வேலைக்கு வந்தாள், தட்டுகளைக் கழுவினாள், பாட்டிலை மூன்று தடவை மோந்து பார்த்து வைத்தாள். சோற்றில் கை வைத்தால் விரலில் அந்த வாசனை வந்தது.

பத்தாம் நாள் காலை பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனாள். இவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, நாற்பது வயது இருக்கும். ஏதோ கூட்டம் முடிந்திருந்த அறையில் தனியாக நின்று பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். சும்மா நின்று பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அவளும் அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கிக்கொண்டே ஸ்பிரிட் பாட்டிலைப் பற்றிச் சொன்னாள். கேட்காமல் ஊற்றிய பிற மதத்துப் பிள்ளைகளைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். அவள் முடித்தபோது நாற்காலிகளும் முடிந்திருந்தன.

"செல்லுமா செல்லாதா சாமி? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"சட்டப்படி கேட்டா செல்லாதும்மா. தண்ணியாத்தான் இருக்கணும்."

அவள் அடுக்கிய நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா பிள்ளை கடவுள்கிட்டதான் இருக்கு," என்றார் சாமியார்.

"செல்லாதுன்னும் சொல்றீங்க, உள்ள இருக்குன்னும் சொல்றீங்க. எப்பிடி சாமி?"

"தண்ணி ஊத்தணும்னு சட்டம் போட்டது நமக்கு. அவர் கையைக் கட்டிப் போட இல்ல. யார் வீட்டுப் பிள்ளைக்கோ நீங்க ஆறு எட்டு ஓடுனீங்க. அதைப் படைச்சவர் பாட்டில்ல என்ன இருக்குன்னு பாத்துட்டு நிப்பாருன்னா நெனக்கிறீங்க?"

பிற மதத்துப் பிள்ளைகளைப் பற்றியும் அதைத்தான் சொன்னார். இனிமேல் கேட்காமல் செய்ய வேண்டாம், கேட்கப் பயப்படவும் வேண்டாம். வேண்டாம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அநாதையாகிவிடாது என்றார்.

பஞ்சக்கா கோணலாக நின்ற ஓர் அடுக்கை நேராக்கினாள். பிறகு, "அப்ப ஒரு சொட்டுகூட ஊத்தாத பிள்ளை?" என்று கேட்டாள்.

"அதுவும் அவர்கிட்டதான். அந்த நடுவிடம்னு பழைய காலத்துல சொன்னதை இப்ப யாரும் சொல்றதில்லம்மா."

"எப்பலேர்ந்து?"

அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. அவள் வருஷத்தைக் கேட்டாள். எந்த வருஷத்திலிருந்து உள்ளே சேர்க்கிறார்கள், அதற்கு முன்னால் போன பிள்ளைக்கும் அது உண்டா என்று கேட்டாள். கேட்டுவிட்டு மூத்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து ஒரு மனிதரிடம் சொன்னாள்: அந்த நாற்பது நிமிஷம், ஸ்டூலில் இருந்த ஜக்கு, பின்சுவர்.

"எப்பவுமேதான்மா," என்றார் சாமியார். அவர் குரல் இறங்கியிருந்தது. "முதல் நாள்லேர்ந்தே. மாறுனது நாங்க சொல்ற பேச்சு. அவர் யாருக்கும் கதவைச் சாத்தல."

பின்சுவரோரம் பிள்ளைகளை வைக்கிற வழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது. இடம் நிறைந்துவிட்டது போல என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதை நிறுத்தின அன்றைக்கே வீடு வீடாகப் போய் ஒவ்வொரு தாயிடமும் சொல்லியிருக்க வேண்டும், சத்தமில்லாமல் விட்டுவிட்டோம், அது எங்கள் தப்பு என்று சொல்லி, சாமியார் அவளைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருப்பார். அது நடக்கவில்லை.

"அப்ப நான்தானே சாமி அவளை வெளிய வெச்சது?"

"அப்பிடி இல்லம்மா..."

"முப்பத்தாறு வருஷமா ஒரு தடவைகூட நான் அவளைக் கூப்பிடல. அவங்க அப்பா போனாரு, என்னையும் வரச் சொன்னாரு. அங்க யாரும் இல்லன்னு சொன்னேன். எத்தனை பிள்ளைன்னு கேட்டா அவளை விட்டுட்டுச் சொன்னேன். சாகுறப்ப அவ பக்கத்துல வைக்கச் சொன்னாரு, அதையும் விடல. கடவுள் தள்ளலன்னா, தள்ளுனது யாரு?"

உங்கள்மேல் குற்றமில்லை, எங்கள் சொல்லைக் கேட்டு நடந்தீர்கள் என்றார் சாமியார். அது உண்மைதான். அந்த உண்மை அவள்மேல் ஒட்டவில்லை. கடவுளே சாத்தினார் என்று இருந்தவரை அவள் அந்தக் கடவுளோடு மல்லுக்கு நின்றாள். பாட்டிலும் பஞ்சுமாக முப்பத்து நான்கு வருஷம் நின்றாள். இப்போது எதிரே யாரும் இல்லை. அந்தப் பக்கம் எல்லாம் திறந்து கிடந்தது. சாத்தியிருந்தது அவள் ஜன்னல் ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே பட்டன்காரியின் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை, சுவரோரம் சுருட்டி வைத்த பாய், ஆணியில் தொங்கும் ஆலைச் சீருடை. பட்டன்காரி பால் வற்றுவதற்காக மார்பை இறுக்கித் துணியால் கட்டியிருந்தாள். பஞ்சக்கா உட்காராமலே சொன்னாள். அது தண்ணீர் இல்லை, ஸ்பிரிட். கைத்தவறு. ஊற்றிவிட்டேன் என்று சொன்னது பொய்.

பட்டன்காரி குனிந்து மார்புக் கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லியிருக்கணும்."

"பத்து நாளா அந்த ஒண்ணை நெனச்சுத்தான் நான் சாப்பிட்டேன். பிள்ளை போனாலும் ஒழுங்காப் போச்சேன்னு."

பஞ்சக்கா தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப என் பிள்ளை எங்க இருக்கு?"

"உள்ளதான்மா இருக்கு."

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?"

"பாக்கல. சாமியார் சொன்னாரு, நம்புறேன்." அதற்கு மேல் ஒன்று சொல்ல அவள் எண்ணியிருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "என் மூத்தவளும் அங்கதான் இருக்கா."

பட்டன்காரி நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போகவில்லை, ஆனாலும் நகர்ந்து, பாயை விரித்து, உட்காரச் சொன்னாள். எவ்வளவு நேரம் இருந்தது, யார் மாதிரி இருந்தது என்று கேட்டாள். நாற்பது நிமிஷம் என்று பஞ்சக்கா சொன்னாள். மூக்கு அவள் அப்பாவுடையது என்றாள். அதை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பேரென்னக்கா?"

"நான் வெக்கல," என்றாள்.

"எங்க மாமியாரும் வெக்க வேணாம்னுதான் சொல்றாங்க. மறக்கணுமாம்."

"வெச்சிரு," என்றாள் பஞ்சக்கா. "யாரு என்ன சொன்னாலும் வெச்சிரும்மா. தினம் கூப்பிடு." அதோடு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை வார்டுக்கு லீவு சொன்னாள். கல்லறைத் தோட்டத்தில் முன்வரிசையில் கணவரிடம் கொஞ்ச நேரம் நின்றாள். நேரே பின்பக்கம் போனாள். சுவரைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போக வேண்டும். அந்தச் சந்தில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

சாக்கடையை அகலமாக்கி சிமெண்ட் போட்டிருந்தார்கள். சுவரும் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. மூன்றடி அகலம் என்று கண்டக்டர் எப்போதோ சொல்லியிருந்த மண், ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கும் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அறுபது எழுபதடி நீளம். எங்கும் ஓர் அடையாளம் இல்லை.

குழி வெட்டுகிறவர் அவள் போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். அன்றைக்குக் கண்டக்டரோடு போன அதே ஆள்தான். இப்போது முதுகு வளைந்துவிட்டது. எந்த இடம் என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார்.

"ஒரு மரம் இருந்துச்சும்மா. அதுக்கு நேரா. மரத்தை வெட்டிட்டுத்தான் இந்தச் சுவரை எழுப்புனாங்க. இப்ப எது எங்கன்னு எனக்கே பிடிபடல."

"உங்க கையாலதானே வெச்சீங்க?"

"எத்தனையோ வெச்சேனேம்மா. அந்த எடம் கண்டக்டருக்குத்தான் தெரியும். சுவர் கட்டுன பிறகும் அளந்து வெச்ச மாதிரி நேரா வந்து நிப்பாரு." அவர் சற்று நிறுத்தி, கேட்காமலே சொன்னார்: "வந்தா அரைமணி நேரம் பேசிட்டிருப்பாரு. பஸ்ல யார் யார் ஏறுனாங்க, என்ன சண்டை போட்டாங்க, எல்லாக் கதையும். பேர் சொல்லித்தான் பேசுவாரு."

பஞ்சக்கா அவர் பக்கம் திரும்பினாள். "என்ன பேரு?"

குழி வெட்டுகிறவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"மெதுவாத்தான் பேசுவாரும்மா. அவங்க பேச்சை நாம எதுக்குக் கேக்கணும்னு நானும் தள்ளியே நிப்பேன். பேர் சொல்லிக் கூப்பிடுறாருன்னு தெரியும். என்ன பேருன்னு காதுல விழுந்ததில்ல."

அவர் போய்விட்டார். பஞ்சக்கா அந்தக் குறுகலான மண்ணில், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தாள். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. திரும்பி நடந்தாள். பாதித் தூரத்தில் கால் நின்றது. அதுதான் இடம் என்று தோன்றி நிற்கவில்லை. அதற்கு மேல் நடக்க முடியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

"அம்மாடி," என்றாள். பிறகு, அடுத்த அறையில் இருக்கிறவளிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்: "அப்பா உன்ன என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாரும்மா?"